தட்டுக்கும் தேசம் உண்டு!

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் அசகுசா கோயிலைப் பார்ப்பார்கள். டோக்கியோ கோபுரத்தில் ஏறுவார்கள். வானம் தெளிவாக இருந்தால் பூஜி மலையைத் தூரத்திலிருந்தே தரிசித்து விட்டு வருவார்கள். நானும் இவற்றையெல்லாம் பார்த்தேன். ஆனால் சகோதரிகளே, இன்று உங்களிடம் சொல்ல வந்தது ஒரு கடைத்தெருவைப் பற்றி. அகிஹபாரா என்று பெயர். மின்சாரச் சாமான் கடைகளுக்கு உலகப் பிரசித்தி பெற்ற இடம். 'மின்சாரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது வீட்டு ஆம்பிளைங்க சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வெளிநாட்டில் பெண்ணோ பிள்ளையோ தங்கையோ இருக்கிற எந்த வீட்டுக்கும் இந்த விஷயம் ஒரு நாள் வந்தே தீரும்.

என் தங்கை கவிதா கல்யாணமாகி 2014-இல் டோக்கியோவுக்குப் போனாள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். அருணுக்கு 10 வயது, மீனுவுக்கு 6. இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். 2026 மார்ச்சோடு ஜப்பான் வாசத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவது என்று அவர்கள் தீர்மானம் செய்திருந்தார்கள். அங்கே பள்ளிக்கூட வருஷம் மார்ச்சில்தான் முடிகிறது. "அக்கா, மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து ஊரைப் பார்த்துட்டுப் போ. எதை எடுத்துக்கிறது, எதை விடுறதுன்னும் நீதான் சொல்லணும்" என்று டெலிபோனில் பிடிவாதம் பிடித்தாள். அப்படித்தான் 2025 அக்டோபரில் சிங்கப்பூர் வழியாக நான் டோக்கியோ போய்ச் சேர்ந்தேன்.

கிளம்புகிற அன்று எங்கள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு 79 வயது. "சின்னவகிட்ட திருக்கடையூர் தட்டு இருக்கும். இருக்கான்னு பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன் கதை பின்னால் வருகிறது.

கடல் மாதிரி ஒரு கடைத்தெரு

தங்கை குடியிருந்தது நிஷிகசாய் என்ற பகுதி. நம் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம். துவரம் பருப்பு, கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் கடையில் கிடைக்கிறது. நான் போன சமயம் தெருவெல்லாம் ஒரு மணம். 'கின்மோகுசேய்' என்று ஒரு மரம். ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாகப் பூக்கிறது. அக்டோபர் வந்தால் டோக்கியோ முழுக்க அந்த வாசனைதான்.

நிஷிகசாய் ஸ்டேஷன் மேலே, பாலத்தின் மீது இருக்கிறது. தோசாய் லைன் ரயில் ஏறியவுடன் அரகாவா என்ற அகலமான ஆற்றைத் தாண்டி, அப்புறம் சுரங்கத்துக்குள் நுழைகிறது. கயபாச்சோ என்ற இடத்தில் இறங்கி ஹிபியா லைனுக்கு மாறினால் மூன்றாவது ஸ்டேஷன் அகிஹபாரா. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனோம். அன்று பிற்பகல் 1 மணியிலிருந்து 5 மணி வரை பெரிய வீதியில் வண்டிகளை நிறுத்தி, ஜனங்கள் நடப்பதற்கு விட்டு விடுகிறார்கள். கோடைக் காலத்தில் 6 மணி வரையாம். நடு ரோட்டில் குழந்தைகள் கையை வீசிக்கொண்டு நடந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது.

இந்த இடத்துக்குப் பெயர் வந்ததே ஒரு தீ விபத்தால். 1869-இல் இங்கே பெரிய தீ பிடித்ததாம். மறு வருஷம் அந்த வெட்ட வெளியில் தீயை அடக்குவதற்கென்று ஒரு கோயில் கட்டினார்கள். தீயிலிருந்து காக்கும் தெய்வத்தின் பெயர் அகிபா. 'அகிபாவின் திடல்' என்று ஜனங்கள் சொல்லிச் சொல்லியே அகிஹபாரா ஆயிற்று. 1890-இல் சரக்கு ரயில் நிலையம் வந்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து ஊரே சாம்பலாகக் கிடந்தபோது, ரேடியோ பாகங்களைத் தெருவில் பரப்பி விற்கிறவர்கள் இங்கே கூடினார்கள். பிறகு அவர்களுக்கு ரயில் பாலத்துக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். இன்னமும் அந்தப் பாலத்தின் கீழே புடவைப் பெட்டி அகலத்துக்குச் சின்னச் சின்னக் கடைகள். ஒன்றில் ஒயர் மட்டும், இன்னொன்றில் ஸ்விட்ச் மட்டும்! ரேடியோவில் ஆரம்பித்து டி.வி., ஃப்ரிஜ், கம்ப்யூட்டர், வீடியோ கேம் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்றாக அந்தத் தெரு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது பொம்மைகளும் சித்திரப் படக் கதாபாத்திரங்களும்தான் மாடி மாடியாக நிற்கின்றன.

முதல் பூட்டு: மின்சாரம்

நம் கண் முதலில் எங்கே போகும்? ரைஸ் குக்கரிடம்தான். சாதம் வடிக்க, கஞ்சி வைக்க, கேக் செய்ய எல்லாவற்றுக்கும் தனித் தனி பட்டன். விலையைப் பார்த்துக் கை நீட்டினேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார்.

"அண்ணி, இது 100 வோல்ட். நம்ம ஊர்ல 230. சொருகின நிமிஷமே அஞ்சு மடங்குக்கு மேல சூடு இழுக்கும். குக்கர் கரி ஆயிடும்."

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்தான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்த ஒரே நாட்டுக்குள்ளேயே மின்சாரம் இரண்டு ஜாதி! 1890-களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து மின்சார யந்திரம் வாங்கினார்கள். ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அதனால் கிழக்கே விநாடிக்கு 50 துடிப்பு, மேற்கே 60 துடிப்பு. இன்றுவரை ஒன்று சேரவில்லை. 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் வந்து டோக்கியோ பக்கம் மின்சாரப் பஞ்சம் ஏற்பட்டபோது, மேற்கே மின்சாரம் இருந்தும் தாராளமாக அனுப்ப முடியாமல் போயிற்று. மாற்றிக் கொடுக்கிற நிலையங்களின் சக்தி அப்போது ஏறக்குறைய 10 லட்சம் கிலோவாட்டுக்குள்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அதைக் கூட்டினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் இரண்டு கடையில் சாமான் வாங்கியதன் பலன்!

மிக்சி கதை இதற்கு நேர்மாறு. கவிதா நம் ஊரிலிருந்து எடுத்துப் போன மிக்சியை அங்கே நேராகச் சொருகினால், பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவன் மாதிரி சோர்ந்து சுற்றுகிறது. 100-ஐ 230 ஆக்குகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டுதான் அவள் பத்து வருஷமாகத் தேங்காய்ச் சட்னி அரைத்தாளாம்.

'முத்து'வும் இரண்டாம் நம்பரும்

அடுத்து பழைய படங்கள், விளையாட்டுகள் விற்கிற கடைக்குள் நுழைந்தோம். ஜப்பானியர்கள் பழைய சாமானைப் புதுசு போல வைத்திருக்கிறார்கள். ஒரு கீறல் இருந்தாலும் சீட்டில் எழுதி ஒட்டி விடுகிறார்கள். இந்தியப் படங்கள் என்று ஒரு சின்ன அடுக்கு. அதில் யார் தெரியுமா? நம் ரஜினிகாந்த்!

1995-இல் வந்த 'முத்து' படம் 1998-இல் ஜப்பானில் திரையிடப்பட்டு அமோகமாக ஓடியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே அதன் பெயர் 'ஆடும் மகாராஜா' என்கிற அர்த்தத்தில் வைத்திருக்கிறார்கள். படம் பேசுவது தமிழ். அடியில் ஓடுவது ஜப்பானிய எழுத்து. "அப்பாவுக்கு வாங்கிட்டுப் போகலாமே" என்று எடுத்தேன்.

அருண் உறையின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு மூலையைக் காட்டினான். சின்னதாக ஒரு பூமி உருண்டை, நடுவில் 2 என்ற எண். "பெரியம்மா, இது இந்தியாவுல ஓடாது" என்றான்.

தமிழ்ப் படம், தமிழ் வீட்டில் ஓடாது! இது என்ன அநியாயம்? மாப்பிள்ளை விளக்கிச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

டி.வி.டி. தட்டுகள் 1996 நவம்பரில் ஜப்பானில்தான் முதலில் விற்பனைக்கு வந்தன. அப்போதே படக் கம்பெனிகள் உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து விட்டன. அமெரிக்காவும் கனடாவும் 1. ஜப்பான், ஐரோப்பா, வளைகுடா நாடுகள் 2. சிங்கப்பூர், மலேசியா, தென் கொரியா 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா 4. நம் இந்தியாவும் இலங்கையும் ரஷ்யாவும் ஆப்பிரிக்காவின் பெரும் பகுதியும் 5. சீனா 6. விமானத்துக்கும் கப்பலுக்கும் தனியாக 8 என்று ஒரு எண்கூட உண்டு. தட்டில் ஒரு எண், ப்ளேயருக்குள் ஒரு எண். இரண்டும் பொருந்தினால்தான் படம் ஓடும். நட்சத்திரப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான்!

எதற்காக இந்தக் கட்டுப்பாடு? ஒரு படம் அமெரிக்காவில் தியேட்டரை விட்டுப் போய் தட்டாக வரும்போது, மற்ற நாட்டில் அப்போதுதான் தியேட்டருக்கே வந்திருக்கும். தட்டு பறந்து வந்து விட்டால் தியேட்டர் காலி. தவிர ஒவ்வொரு நாட்டிலும் விற்கிற உரிமை வெவ்வேறு கம்பெனிக்கு. விலையும் வேறு வேறு. மலிவாகக் கிடைக்கிற நாட்டிலிருந்து யாரும் மூட்டையாக வாங்கி வந்து விடக் கூடாதாம்.

இந்தப் பூட்டு பெரிய மனிதர்களையும் விட்டு வைக்கவில்லை. 2009 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, இங்கிலாந்துப் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டி.வி.டி.களைப் பரிசாகக் கொடுத்தார். அவை மண்டலம் 1; இங்கிலாந்தின் ப்ளேயர் மண்டலம் 2. படம் ஓடவில்லை என்று பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. ஜனாதிபதி கொடுத்த சீருக்கே அந்தக் கதி!

டி.வி.டி.க்குப் பிறகு வந்த ப்ளூ-ரே தட்டில் மண்டலத்தை மூன்றாகக் குறைத்தார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. அதிலும் நாம் தனி! இன்னும் பிந்தி வந்த 4கே ப்ளூ-ரேயில்தான் மண்டலமே வேண்டாம் என்று விட்டு விட்டார்கள். ஆனால் பாட்டு மட்டும் கேட்கிற சி.டி. இருக்கிறதே, அது 1982 அக்டோபரில் இதே ஜப்பானில் கடைக்கு வந்த நாள் முதல் எந்த எல்லையும் பார்த்ததில்லை. மயிலாடுதுறையில் வாங்கிய சுப்ரபாதம் டோக்கியோவில் தினமும் விடிகாலை ஒலித்துக்கொண்டிருந்தது.

அருணின் அழுகை

அருணுக்கு நிண்டெண்டோ கம்பெனியின் 'ஸ்விட்ச்' விளையாட்டு என்றால் உயிர். 2017-இல் வந்த அந்தப் பெட்டியில் எந்த நாட்டுக் கேமைப் போட்டாலும் ஓடும். அதனால் அவன் சேர்த்து வைத்திருந்த கேம்கள் எல்லாம் அப்படியே மெட்ராசுக்கு வரலாம் என்றதும் குதித்தான். 2025 ஜூனில் வந்த 'ஸ்விட்ச் 2' ஊருக்குப் போகுமுன் வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கடையில் விலை 49,980 யென். அப்போதைய கணக்கில் நம் பணம் சுமார் 29 ஆயிரம்.

மாப்பிள்ளை பணத்தை எடுக்கப் போனவர், அட்டையில் இருந்த ஒரு வரியைப் படித்து விட்டு நின்றார். அது ஜப்பானிய மொழிக்கு மட்டுமான பெட்டி! மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. அதில் சேர்க்கிற கணக்கும் ஜப்பானில் இருப்பதாகப் பதிந்த கணக்காகத்தான் இருக்க வேண்டும். எல்லா மொழியும் வருகிற பெட்டி வேண்டுமென்றால் 69,980 யென். அதையும் கம்பெனியின் சொந்தக் கடையில் பதிந்து வாங்க வேண்டும். உள்ளூர் ஜனங்களுக்குக் குறைந்த விலை. அதை வெளிநாட்டுக்கு அள்ளிக்கொண்டு போகாமலிருக்க மொழியே பூட்டு.

அருணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து விட்டது. "எனக்கு ஜப்பானிய எழுத்துதான் நல்லாப் படிக்க வரும். தமிழ்தான் வராது" என்றான். கவிதா முகம் வாடி விட்டது. பிள்ளை கேட்டது விளையாட்டுச் சாமானைப் பற்றி; அவளுக்குப் பட்டது வேறு. மெட்ராசில் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் எப்படி ஒட்டிக்கொள்வானோ என்று அவள் ராத்திரி தூங்காமல் இருப்பது எனக்குத் தெரியும்.

நான் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன்: "கண்ணா, நீ அந்த ஊர் எழுத்தை மறக்க வேண்டாம். அதுக்கு மேல இன்னொண்ணு படிச்சுக்கப் போற, அவ்வளவுதான். உங்கிட்ட பழைய ஸ்விட்ச் இருக்கே, அது எல்லா ஊரு கேமையும் ஏத்துக்குதுல்ல?" யோசித்தான். பெரிய பெட்டி இப்போதைக்கு வேண்டாம் என்று ஆயிற்று. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அவனுக்குத் தமிழ் டியூஷனுக்கு வைக்கலாம் என்று மாப்பிள்ளை என்னிடம் மெள்ளச் சொன்னார்.

பழைய விளையாட்டுப் பெட்டிகளை வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ப்ளேஸ்டேஷனில் முதல் இரண்டு வகைகளுக்கும் நாட்டுப் பூட்டு உண்டு. நான்காவதும் ஐந்தாவதும் எந்த நாட்டுக் கேம் தட்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதே பெட்டியில் சினிமாத் தட்டைப் போட்டால் மண்டலம் பார்க்கும்! நிண்டெண்டோவின் பழைய 'கேம் பாய்' எங்கும் ஓடும். 2011-இல் வந்த '3டி.எஸ்.' ஓடாது. 1983-இல் ஜப்பானில் வந்த அவர்களுடைய 'ஃபேமிகாம்' கார்ட்ரிட்ஜில் 60 பின், அமெரிக்காவில் விற்றதில் 72 பின். சொருகவே முடியாது!

திருக்கடையூர் தட்டு

இப்போது அப்பா கேட்ட தட்டுக்கு வருகிறேன்.

2006-இல் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் வீடியோ எடுத்து, இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு டி.வி.டி. கொடுத்தார். 2012-இல் அம்மா போய் விட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் ஆளுயரம் தண்ணீர் வந்தது. பீரோவோடு என் தட்டும் போயிற்று. ஸ்டூடியோக்காரரும் காலமாகி, கடையையும் மூடி விட்டார்கள். அம்மாவின் குரல் இருக்கிற ஒரே இடம் தங்கையின் தட்டுதான்.

கேட்டதும் கவிதா பூஜை அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். "அக்கா, இது கெட்டுப் போச்சுக்கா. இங்க வந்த புதுசுல போட்டுப் பார்த்தேன். படிக்க முடியலைன்னு எழுத்து வந்துச்சு. உங்கிட்ட சொல்ல மனசு வரலை. தூக்கிப் போடவும் மனசு வரலை" என்றாள். பத்து வருஷமாகத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மாப்பிள்ளை தட்டை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீறலே இல்லையே கவிதா. இது கெடலை. இது 'பால்' தட்டு!" என்றார்.

பால் என்றதும் காபி ஞாபகம் வருகிறது அல்லவா? இது ஜெர்மனியில் கண்டுபிடித்த கலர் டெலிவிஷன் முறையின் பெயர். ஒரு படத்தை 625 கோடாகக் கிழித்து, விநாடிக்கு 25 படம் காட்டுவது. 1982-இல் ஏஷியாட் பந்தயத்தையொட்டி நம் நாட்டில் கலர் டி.வி. வந்தபோது இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவும் ஜப்பானும் வைத்துக்கொண்டது என்.டி.எஸ்.சி. என்ற முறை, 525 கோடு, விநாடிக்குச் சுமார் 30 படம். வீடியோ கேசட் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கல்யாணக் கேசட்டைப் போட்டால் படம் கோடு கோடாக உருளும். 'மல்டி சிஸ்டம் டெக் யார் வீட்டிலே இருக்கு?' என்று தெருத் தெருவாக அலைவோம். அதே பஞ்சாயத்துதான் இது.

நம் ஊரில் விற்கிற டி.வி.டி. ப்ளேயர்கள் பெரும்பாலும் இரண்டு முறையையும் காட்டும். ஜப்பானில், அமெரிக்காவில் விற்பவை பெரும்பாலும் தங்கள் முறையை மட்டுமே காட்டும். வீட்டு விசேஷத் தட்டுக்கு மண்டல எண் கிடையாது. ஆகவே முதல் பூட்டு திறந்தே இருந்தது. இரண்டாவது பூட்டில்தான் எங்கள் அம்மா மாட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்குச் சாவி? கம்ப்யூட்டர்! கம்ப்யூட்டருக்குப் பாலும் ஒன்றுதான், மற்றதும் ஒன்றுதான். ஆனால் இப்போது வருகிற லேப்டாப்பில் தட்டுப் போடுகிற வாயே கிடையாதே. அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அகிஹபாராவில் கடைசியாக ஏறிய கடை. யு.எஸ்.பி.யில் சொருகுகிற டி.வி.டி. டிரைவ், மூவாயிரம் யென்னுக்குள். ரைஸ் குக்கரையும் முத்துவையும் விட்டு விட்டு வந்தவர்கள் அதை மட்டும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம்.

ராத்திரி சாப்பாடானதும் தட்டைப் போட்டார் மாப்பிள்ளை. முதலில் கறுப்பு. டிரைவ் 'கிர்ர்' என்று சுற்றியது. கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நாதஸ்வரம். கோபுரம். எண்பது கலசத்துக்கு நடுவே, அரக்குப் புடவையில் எங்கள் அம்மா! தலையில் ஊற்றின ஜலத்தை வழித்துக்கொண்டே, காமிராவைத் தூக்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, "ஏம்ப்பா, காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கியே, ஒரு வாய் காபி குடிச்சியா?" என்றாள்.

கவிதா அழவில்லை, சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். மீனு திரும்பி, "அம்மா, இவங்க உன்னை மாதிரியே பேசுறாங்க!" என்றாள். பாட்டியின் குரலை அந்தக் குழந்தை முதல் தடவையாகக் கேட்கிறது.

அன்று ராத்திரியே மாப்பிள்ளை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு பென் டிரைவில் பதிந்து, அந்தக் காபித் துண்டை மட்டும் அப்பாவுக்கு வாட்ஸ்-ஆப்பில் அனுப்பினார். ஊரில் மூன்றரை மணி நேரம் பின்னால், அப்பா விழித்திருந்தார். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பக்கத்து அறையில் இருந்த என் கணவர் பிற்பாடு சொன்னார்.

மூட்டை கட்டுகிறவர்களுக்கு

நானும் தங்கையும் உட்கார்ந்து தயாரித்த பட்டியலில், எல்லோருக்கும் உதவக் கூடியதைக் கீழே தருகிறேன்.

1. எந்த மின்சாரச் சாமானாக இருந்தாலும் அடிச் சீட்டைப் படியுங்கள். '100–240' என்று போட்டிருந்தால் கவலையில்லை. உலகம் முழுதும் ஓடும். போன் சார்ஜர்கள் அநேகமாக அப்படித்தான். '100' மட்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் ஊரில் சொருகாதீர்கள். குக்கர், இஸ்திரிப்பெட்டி போன்ற சூடு சாமான்களைத் தூக்கி வராமல் அங்கேயே யாருக்காவது கொடுத்து விடுவதே மேல்.

2. சினிமாத் தட்டு வாங்கும்போது உறையின் பின்புறம் பூமி உருண்டைக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். நமக்கு 5, அல்லது 'எல்லா மண்டலமும்'. நம் தமிழ்ப் படத் தட்டுகள் பலவற்றில் 'எல்லா மண்டலமும்' என்றே இருக்கும். ப்ளூ-ரே என்றால் நமக்கு சி.

3. எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஜப்பானும் ஐரோப்பாவும் ஒரே 2-ஆம் மண்டலம். ஆனால் ஐரோப்பாவின் தட்டு 'பால்' முறை. ஜப்பான் ப்ளேயரில் பெரும்பாலும் ஓடாது. இரண்டு பொருத்தமும் பார்க்க வேண்டும்.

4. குழந்தைகள் பிரியமாகப் பார்க்கிற அந்த ஊர்த் தட்டுகள் நிறைய இருந்தால், அந்த ஊர் ப்ளேயரையும் கூடவே எடுத்து வாருங்கள். மீனுவின் 'டோட்டோரோ' தட்டுக்காகக் கவிதா அப்படித்தான் முடிவு செய்தாள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, எச்.டி.எம்.ஐ. ஒயரில் நம் ஊர்ப் புது டி.வி.யோடு இணைத்தால் போதும்.

5. கம்ப்யூட்டர் டிரைவில் சினிமாத் தட்டின் மண்டல எண்ணை மாற்றலாம். ஆனால் ஐந்து தடவைதான். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே நின்று விடும். குழந்தைகள் கையில் விடாதீர்கள்.

6. கல்யாணம், சீமந்தம், பேர் வைத்தது என்று நம் வீட்டுத் தட்டுகள்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். வீட்டில் பதிகிற தட்டில் உள்ளே ஒரு சாயம் பூசியிருக்கிறார்கள். வெயிலும் சூடும் பட்டால் அது வெளுத்துப் படம் போய் விடும். சமையலறைப் பக்கமோ ஜன்னல் ஓரமோ வேண்டாம். படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம். காகிதமும் ஒட்ட வேண்டாம். தூசு இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

7. தட்டு ஓடவில்லை என்றவுடனே கெட்டுப் போயிற்று என்று தீர்மானிக்காதீர்கள். வேறு ப்ளேயரில் போடுங்கள்; கம்ப்யூட்டரில் போடுங்கள். ஓடினால் அன்றைக்கே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வெள்ளம் வந்தால் இரண்டும் ஒரே பீரோவில் இருந்து பிரயோஜனமில்லை.

'இப்போ யாரு தட்டுப் போட்டுப் பார்க்கிறாங்க, எல்லாம் இண்டர்நெட்தானே' என்பீர்கள். அங்கேயும் இந்த வம்பு ஓயவில்லை. ஒரு நாட்டில் காட்டுகிற படத்தை அதே கம்பெனி இன்னொரு நாட்டில் காட்டுவதில்லை. தவிர, நம் வீட்டுக் கல்யாணம் எந்த இண்டர்நெட்டிலும் இல்லை, பீரோவில்தான் இருக்கிறது. தட்டுப் போடுகிற யந்திரங்களும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கிப் பாருங்கள், சகோதரிகளே. பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒயரைச் சொருகுவதற்கு அவர்கள் வேண்டும், படத்தில் இருப்பவர் யார் யார் என்று சொல்வதற்கு நாம் வேண்டும்.